பாலாவிச் சந்தி வரைக்கும்

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் பயிற்சி முடித்த கையோடு என்னைக் கற்பிட்டிப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர் இல்லை. முழுப் பொறுப்பும் யாழ்ப்பாணத்து அப்போதிக்கரி ஒருவரிடம் இருந்தது. நோயாளியைப் பார்ப்பதும் அவர், மருந்து கலந்து கொடுப்பதும் அவர். நான்தான் ஒரே நேர்ஸ். உதவிக்கு ஊர் முஸ்லிம் மனிதர் ஒருவர் அட்டென்டனாக இருந்தார். எல்லோரும் அவரை அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிட்டோம்.

அப்போதிக்கரிக்கும் எனக்கும் சரிப்பட்டு வரவில்லை. நேர்ஸ் என்றால் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பவள் என்பது அவருடைய எண்ணம். எதையும் ஆறுதலாக, அவசரப்படாமல் செய்யும் மனிதர். அந்த ஆறுதலைச் சோம்பல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை விஷயம் தவிர வேறு கதை எங்களுக்குள் கிடையாது.

ஒருநாள் காலை உச்சமுனையிலிருந்து தோணியில் ஒரு தாய் வந்தாள். புருஷன் கடலுக்குப் போயிருந்தபடியால் மைத்துனனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்; அவன் தோணியோடு கரையில் நின்றுவிட்டான். இடுப்பில் நாலு வயதுப் பெண்பிள்ளை. அவர்கள் வாசற்படி ஏறுமுன்பே பிள்ளையின் மூச்சு எனக்குக் கேட்டது. ஈரப்பலகையை வாளால் அறுப்பது போன்ற ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கொழும்பில் பிள்ளைகள் வார்டில் கேட்டிருக்கிறேன்.

அப்போதிக்கரி கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்த்தார். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல்போல ஒன்று ஒட்டிப் படர்ந்திருந்தது.

"தொண்டை அடைப்பான்," என்றார் மெதுவாக. "டிப்தீரியா. அதை முறிக்கிற சீரம் ஊசி எங்களிட்ட இல்லை. புத்தளத்திலதான் இருக்கும்."

"இப்பவே கொண்டுபோவம் ஐயா."

"எதில கொண்டுபோறது? பெற்றோல் இல்லாமல் பஸ் பாதி நாள் ஓடுறதில்லை. முதல்ல தந்தி அடிப்பம்."

நானா சைக்கிளை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் பறந்தார். நான் பிள்ளையின் கட்டிலைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, கொதிக்கும் கேத்தலின் ஆவியை உள்ளே விட்டேன். பிள்ளை அழுதால் மூச்சு இன்னும் இறுகும். அதனால் தாயை அருகில் இருத்தி, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருக்கச் சொன்னேன். ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

நானா வியர்த்து ஒழுக ஓடி வந்தார். "பதில் வந்திட்டு மிஸ்ஸி. புத்தளத்தில டொக்டர் வெளியூர் போயிருக்காராம். அங்கத்த நேர்ஸ் மருந்தோட பாலாவிச் சந்திக்கு வந்து நிப்பாவாம். இங்க கருவாட்டு லொறி ஒன்டு ஏத்திக்கொண்டு நிக்குது. சாக்கெல்லாத்தையும் இறக்கிப்போட்டு வாறேன் என்டு லொறிக்காரன் சொல்லிட்டான்."

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். சத்தம் குறைந்திருந்தது. தாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மிஸ்ஸி, புள்ள நித்திர கொள்ளுது."

பிள்ளை தூங்கவில்லை. மூச்சை இழுக்கப் பலமில்லாமல் ஓய்ந்துகொண்டிருந்தது. உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன. நான் அப்போதிக்கரியின் மேசைக்கு ஓடினேன்.

"ஐயா, லொறி வரும்வரைக்கும் தாங்காது. தொண்டையில வெட்டிக் குழாய் வைக்க வேணும்."

"நான் ஒருநாளும் வெட்டினதில்லை மிஸ்ஸி."

"கொழும்பில பார்த்திருக்கிறன். தலையைப் பிடிச்சிருக்கிறன்."

"பார்த்ததும் செய்யிறதும் ஒண்டில்லை."

"அப்ப நாங்கள் பார்த்துக்கொண்டு நிண்டு சாக விடுவமா?"

என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் எழுந்து வெளியே போனார். ஓடிவிட்டார் என்றே நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. கத்தியை நானே எடுக்க வேண்டுமோ என்று யோசித்தேன். நேர்ஸ் ஒருத்தி அதைத் தொடக் கூடாது. தொட்டாலும் என் கையால் அது முடியும் என்று எனக்கு நிச்சயமில்லை. அலுமாரியைத் திறந்தேன். யாரும் தொடாமல் கிடந்த பெட்டியில் வெள்ளிக் குழாய் இருந்தது. உள்ளே கழற்றிப் போடக்கூடிய இன்னொரு சிறு குழாயும் இருந்தது. எடுத்துக் கொதிநீரில் போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் அப்போதிக்கரி சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை சவுக்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் தலையைப் பிடியுங்கோ," என்றார். "அங்க எப்பிடிச் செய்தவை எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ. பிழையாப் போனா உடனே சொல்லுங்கோ, மரியாதை பார்க்காதேங்கோ."

தாயை வெளியே போகச் சொன்னோம். அவள் அசையவில்லை. "நான் போக மாட்டன். புள்ளட கால நான் புடிக்கிறன்," என்றாள். கையை நானா பிடித்தார்.

தோளுக்கடியில் துணிச்சுருள் வைத்து, பிள்ளையின் தலையை என் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் நேராக வைத்துக்கொண்டேன். அது கொஞ்சம் சரிந்தாலும் கத்தி வேறு இடத்துக்குப் போய்விடும். "நடுவில ஐயா. இன்னும் கீழ. ஓம், அதிலதான்." இரத்தம் வந்தது. அவர் ஒரு கணம் நின்றார். "நிக்காதேங்கோ, இன்னும் ஆழம்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பிள்ளையின் நெஞ்சு அசையவில்லை. நானா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

பிறகு சீறிக்கொண்டு காற்று உள்ளே போனது. பிள்ளை இருமியது. இரத்தமும் சளியும் எங்கள் முகத்தில் தெறித்தன. அப்போதிக்கரி குழாயை உள்ளே விட்டார். நான் நாடாவைக் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். நீலம் போய் உதட்டில் மெல்ல நிறம் ஏறுவதை நாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிள்ளை கண்ணைத் திறந்து வாயை அகட்டி அழுதது. சத்தமே இல்லை. தாய் பதறிப்போனாள்.

"மிஸ்ஸி, என்ட புள்ளக்கிக் கொரல் இல்ல! ஊமையாப் போச்சா?"

"இல்லையம்மா. காத்து இப்ப குழாயால போகுது. குழாயை எடுத்தால் குரல் வரும்," என்றேன். வரும் என்றுதான் படித்திருந்தேன். அவள் என்னை நம்பினாளோ தெரியாது.

லொறி வந்தது. மற்ற நோயாளிகளை விட்டுவிட்டு அப்போதிக்கரி வர முடியாது. லொறியடியில் நின்று, "வெட்டினது ஒரு நிமிஷ வேலை. இனி இருக்கிறதெல்லாம் உங்கட வேலை," என்றார்.

அவர் சொன்னது பாதையில்தான் புரிந்தது. மணலும் பள்ளமுமான ரோட்டு. பின்னால் கருவாட்டு வாடைக்குள் நான் சப்பாணி கட்டி உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தேன். தாய் ஒரு பக்கம், நானா மறுபக்கம் தண்ணீர்ப் போத்தலோடு. தலவிலைப் பக்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் குழாயின் சத்தம் மாறியது. பிள்ளை கையைக் காலை உதறியது.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். நானா லொறித் தகரத்தில் ஓங்கி அடித்தார். லொறி மணலில் இழுபட்டு நின்றது. உள்குழாயைக் கழற்றினேன். தடித்த சவ்வுத் துண்டொன்று அதை அடைத்திருந்தது. நானா தண்ணீர் ஊற்ற, தாய் தன் சேலைத் தலைப்பைக் கிழித்து நீட்ட, நான் திரி முறுக்கிக் குழாயைத் துடைத்து மறுபடி மாட்டினேன். மூச்சு வந்தது. பாலாவி போய்ச் சேருமுன் இதையே திரும்பவும் செய்ய வேண்டியிருந்தது. அந்த முறை நான் கேட்காமலே தண்ணீரும் துணியும் என் கைக்கு வந்தன.

எங்கள் ரோட்டு புத்தளம் ரோட்டில் சேரும் அந்தச் சந்தியில் உப்பு வண்டிகளுக்குப் பக்கத்தில் வெள்ளை உடுப்போடு ஒருத்தி நின்றாள். கையில் ஈரத்துணி சுற்றிய பெட்டி. நாங்கள் முன்பின் பார்த்ததில்லை. வணக்கம் சொல்லக்கூட நேரமில்லை.

"எப்ப வெட்டினது? குழாய் எத்தனை தரம் அடைச்சது?" என்று கேட்டபடியே லொறியில் ஏறினாள். நான் சொல்லச் சொல்ல ஊசியில் மருந்தை இழுத்தாள். நான் பிள்ளையின் தொடையைப் பிடித்தேன், அவள் குத்தினாள். பிறகு, "தாங்க, நான் வச்சிருக்கிறன்," என்று கை நீட்டினாள். என் கைகள் விடவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. காலையிலிருந்து பிடித்த பிடி அப்படியே இறுகிப்போயிருந்தது. அவள் ஒவ்வொரு விரலாகத் தடவி எடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் கட்டில் தயாராக இருந்தது. மாலையில் டொக்டர் வந்து பார்த்தார். நான் மறுநாளே திரும்பிவிட்டேன். அந்த வார்டில் பிள்ளையைக் கவனிப்பதில் எனக்குப் பங்கு இல்லை. அதை ஏற்றுக்கொள்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு புத்தளம் நேர்ஸ் பஸ்காரனிடம் சொல்லியனுப்பியிருந்தாள். குழாயை எடுத்தாயிற்று. பிள்ளை கரகரத்த குரலில் முதலில் தாயைக் கூப்பிட்டது, அடுத்ததாகத் தின்னப் பாண் கேட்டது. அப்போதிக்கரியிடம் சொன்னபோது மருந்துப் போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றார்.

சொன்னேன். அவர் எழுந்து நானாவைக் கூப்பிட்டார். அன்று மத்தியானம் நோயாளிகள் போன பிறகு, வெறுங்கட்டிலில் ஒரு தலையணையைக் கிடத்தி, இனியொரு பிள்ளை வந்தால் யார் எங்கே நிற்பது, யார் எதை எடுத்துக் கொடுப்பது என்று நாங்கள் மூன்று பேரும் முதலிலிருந்து செய்து பார்த்தோம்.