வாடிய பாதி

இலையில் விழுந்த புள்ளியைப் பார்த்தே நோய் இன்னதென்று சொல்லிவிடுகிற ஒருத்திக்கு, நாற்பது வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருப்பவனின் முகம் ஏன் பிடிபடவே இல்லை? ஆர்டித் பென்வேயை நினைத்தால் இந்தக் கேள்விதான் வருகிறது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். கொல்லையில் ஒரே ஒரு மேப்பிள் மரம். இலைகளில் தார் தெளித்தது போலக் கரும்புள்ளி விழும் ஆண்டுகளில், உதிர்ந்ததை ஒன்று விடாமல் வாரி அப்புறப்படுத்துவாள். அந்தப் புள்ளியை உண்டாக்கும் பூஞ்சை சருகில்தான் பனிக்காலத்தைக் கழிக்கும். வேலிக்கு அப்பால் ராய்ஸ் லஃபவுண்டன் தன் கொல்லைச் சருகை வாரமாட்டான்.

"உன் சருகுதான் என் மரத்தைக் கெடுக்குது, ராய்ஸ்."

"காத்தையும் நான்தான் அனுப்புறேனா தாயே? நல்லா விசாரி."

ஒரு ஜூலையில் மரத்தின் ஒரு பாதி மட்டும் வாடியது. ராய்ஸ் பக்கத்துப் பாதி. தன் தக்காளிப் பாத்தியில் நிழல் விழுகிறதென்று வசந்தத்தில்தான் அவன் முணுமுணுத்திருந்தான். ஆர்டித் சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை. அவன் வாளி எடுத்தால் வாளியைப் பார்த்தாள். வெறுங்கையோடு வந்தால் கையைப் பார்த்தாள். சந்தேகத்துக்கு ஒரு வசதி உண்டு: எது நடந்தாலும் அது சாட்சியாகிவிடும்.

சனிக்கிழமை காலையில் ஊரே குப்பை கொட்ட வந்து கதை பேசும் இடத்தில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "என் மரத்து வேர்ல களைக்கொல்லி ஊத்துனது இவன்தான்."

"அடுத்து உன் காப்பியிலயும் ஊத்துனேன்னு சொல்லுவியா?" என்றான் ராய்ஸ். யாரும் சிரிக்கவில்லை. அவனிடம் வழக்கமாக முட்டை வாங்குகிறவர்கள் அந்த வாரம் வரவில்லை.

சாட்சி தேடித்தான் வாடிய கிளையொன்றை அறுத்தாள். பட்டையை உரித்தால் உள்கட்டையில் பச்சைக் கோடுகள். களைக்கொல்லி அப்படிக் கோடு போடாது; இது மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும் பூஞ்சை. மருந்து கிடையாது. ஆனால் பட்ட கிளைகளைக் கழித்து, ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, கோடையில் வேர் நனைய நீர் விட்டால் பல மரங்கள் பிழைத்துக்கொள்ளும். ஊரில் எத்தனையோ பேருக்கு இதைச் சொன்னவளே அவள்தான்.

அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் கிளையை நீட்டினாள். "மண்ணுல வந்த நோய். ராய்ஸ் ஒண்ணும் பண்ணல. நான் சொன்னது தப்பு."

ராய்ஸ் கிளையை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "சரி, விடு. இன்னொரு பாதி நல்லாத்தானே இருக்கு, காப்பாத்திடலாம். ஏணி எடுத்துக்கிட்டு நாளைக்கு வரேன்."

"வேணாம்."

திங்கட்கிழமை ஆள் வைத்து, பச்சையாய் நின்ற பாதியையும் சேர்த்து, மரத்தை அடியோடு வெட்டச் சொன்னாள். ராய்ஸ் வேலியோரம் வந்து ஏன் என்று கேட்டான். அவள் வெட்டுகிறவர்களுக்கு அடிமரத்தைக் காட்டினாள்; தான் பழி சுமத்தியவன் காப்பாற்றிக் கொடுத்த நிழலில் நிற்பதைவிட அவளுக்கு வெயிலே மேல்.