பயர் ஆபீஸ் வாசலில் ஒரு பிள்ளை சீட்டு

இதை வாசிக்கத் தொடங்கிவிட்ட நீங்கள் இந்த நொடியிலிருந்து என் சாட்சி. நடுவராக அமரும்படி உங்களைக் கேட்கவில்லை. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளிலும் கோயில் திருவிழாப் பட்டிமன்றங்களிலும் பேசுகிறவன் நான். நடுவர்களைப் போதுமான அளவு பார்த்துவிட்டேன். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சால்வையோடு இறங்கிப் போய்விடுவார்கள். சாட்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. கண்டதைக் கண்டபடி மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

வழக்கு ஒரு சைக்கிள் சீட்டைப் பற்றியது.

என் அக்கா சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்கிறாள். எங்கள் பக்கம் அதைப் பயர் ஆபீஸ் என்போம். அத்தான் லாரி ஓட்டுகிறார்; சீசனில் லோடு ஏற்றிப் புறப்பட்டால் திரும்பும் நாள் அவருக்கே தெரியாது. அவர்களுக்கு மூன்று வயது நிரம்பாத ஒரு மகள். பால்வாடி அடுத்த ஊரில் இருக்கிறது, பயர் ஆபீஸ் அதையும் தாண்டி. கம்பெனி வேனோ பால்வாடி திறக்கும் முன்பே வந்து போய்விடும். அக்கா பள்ளியில் படித்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் இன்னும் நன்றாக ஓடுகிறது. அதில் பிள்ளையைப் பத்திரமாக உட்கார வைக்க ஒரு சீட்டு அமைந்தால் அவள் வேலைக்குப் போகலாம். அமையாவிட்டால் வேலையை விட வேண்டும். இதற்கு மேல் இந்த வழக்கில் சிக்கல் எதுவும் இல்லை.

சாத்தூரில் சைக்கிள் சாமான் விற்கும் கடைக்கு அக்கா, பிள்ளை, நான் மூவரும் போனோம். கடைக்காரர் அக்காவைப் பார்க்காமல் என்னிடமே பேசினார். முன்கம்பியில் மாட்டும் சின்னக் கூடைச் சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"அண்ணாச்சி, வண்டி என்னுது. லேடீஸ் வண்டி. அதுல முன்கம்பியே கிடையாது" என்றாள் அக்கா.

"அப்பம் எதுக்குத்தா சீட்டு? கேரியர்ல ஒக்கார வச்சு இடுப்பைக் கட்டிக்கிடச் சொல்லு. ஊரே அப்படித்தான போகுது."

"போகுதுதான். எங்க தெருவுல ஒரு பிள்ளைக்குக் குதிங்காலு சக்கரத்துக்குள்ள போயி, இன்னும் நொண்டுது."

"அதான் சேலை கார்டு போட்டிருக்கில்ல?"

எனக்குக் கோபம் ஏறியது. முந்தானை நூல் சக்கரத்தில் சிக்கிவிடக் கூடாது என்று கம்பெனிக்காரன் யோசித்து ஒரு பக்கம் மட்டும் கம்பிவலை வைத்திருக்கிறான். சேலைக்கு இருக்கும் அந்தக் காவல் குழந்தையின் காலுக்கு இல்லை. வாய் திறக்கப் போன என்னை அக்கா கையமர்த்தினாள். பரணைக் காட்டி, மேலே கிடந்ததை இறக்கச் சொன்னாள். இரும்புக் கம்பியில் வளைத்த பின்சீட்டு. சாய்மானம் இருந்தது, இடுப்புக்கு வார் இருந்தது, இரண்டு பக்கமும் காலை மறைக்கும் தகடு இருந்தது. தூசி தட்டி, வெல்டிங் வைத்த இடங்களை விரலால் தடவி, இரு கைகளாலும் பிடித்து உலுக்கினாள். பிள்ளையை உட்கார வைத்து, வாரைப் பூட்டி, காலைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்த்தாள். கால் வரவில்லை. பிள்ளையும் இறங்கி வர மறுத்துவிட்டது.

"இதான்" என்றாள்.

நான்கு நட்டுப் போட்டு முடுக்கிக் கொடுத்தார்கள்.

சீட்டோடு வேலைக்குப் போன முதல் நாள் மாலையே அக்கா வாடிய முகத்தோடு வந்தாள். நாளையிலிருந்து அந்தச் சீட்டு பயர் ஆபீஸ் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கக் கூடாது என்று போர்மேன் சொல்லிவிட்டாராம். மறுநாள் காலை, பிள்ளையைப் பால்வாடியில் விட்டபின், நானும் அவளோடு பயர் ஆபீஸ் கேட்டுக்குப் போனேன். வேலைக்கு வந்த பெண்கள் தீப்பெட்டி, செல்போன் எதுவும் கொண்டுவரவில்லை என்று வாட்ச்மேனிடம் காட்டிவிட்டு வரிசையில் நின்றிருந்தார்கள். போர்மேன் என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க தம்பி. மேடையை விட்டுட்டு இங்கன வந்திருக்கீக?"

"சீட்டு என்ன பாவம் செஞ்சதுன்னு கேக்க வந்தேன்."

"ஆபீசருக சொல்லாமக் கொள்ளாம வருவாக தம்பி. ஸ்டாண்டுல பிள்ளை சீட்டைப் பார்த்தா என்ன நெனைப்பாக? பிள்ளைகளைக் கூட்டியாந்து உள்ள வேலைக்கு வச்சிருக்கோம்னு எழுதிட்டுப் போயிருவாக. லைசென்சு போயிரும்."

"உள்ள பிள்ளைக இருக்கா?"

"சத்தியமா இல்ல."

"இல்லாத பிள்ளைக்கு எதுக்குப் பயப்படுதீக?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். போர்மேன் குரலை மாற்றினார். "அதெல்லாம் வேண்டாம். பால்வாடியிலேயே கழட்டிப் போட்டுட்டு வரச் சொல்லுங்க."

"நாலு நட்டு இருக்கு. தெனமும் கழட்டி மாட்ட ஸ்பேனர் வேணும்."

"ஸ்பேனரா? தட்டினாப் பொறி பறக்குற இரும்புச் சாமானை கேட்டுக்குள்ள கொண்டாறச் சொல்லுதீகளா?"

"அப்பம் இங்கன நிக்கிற சைக்கிளெல்லாம் பனையோலையில செஞ்சதா?"

"ஏ போர்மேனு, பதில் சொல்லுங்க!" என்று ஒரு பெண் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"சைக்கிளு ஸ்டாண்டோட நிக்கும். ஸ்பேனரு மடியில ஏறி உள்ள போயிரும். நீ மொதல்ல உள்ள போத்தா, டயமாகுது."

சாட்சியே, நான் சொல்வதைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போனார்கள். அது நின்றது நியாயம். நின்றதா என்று அதிகாரிகள் வந்து பார்ப்பதும் நியாயம். ஆனால் அந்த நியாயத்தைக் காரணம் காட்டி, வேலைக்கு வரும் பெண் தனக்குப் பிள்ளையே இல்லை என்பதுபோல் வர வேண்டும் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? உள்ளே வெடி உருட்டும் பெண்களில் பாதிப்பேர் இளம் தாய்மார்கள். அவர்கள் கை வேண்டும், அந்தக் கை காலையில் யாரைத் தூக்கிவிட்டு வந்தது என்பது மட்டும் கண்ணில் படக் கூடாதா? இதையெல்லாம் நான் அங்கே உரக்கவே கேட்டேன்.

போர்மேன் கடைசியில் அலுத்துப்போய், உள்ளே கிடந்த ஒரு காலிச் சாக்கை எடுத்து வந்து சீட்டின் மேல் போர்த்தினார்.

"இந்தா, மூடியாச்சு. யாருக்கும் தெரியாது. சரிதான?"

பெண்கள் கலைந்தார்கள். அக்கா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சீட்டு கழற்றப்படவில்லை, அவள் வேலையும் போகவில்லை. வாதம் நம் பக்கம் முடிந்தது என்றுதான் நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

அன்று மாலை அவர்கள் இருவரும் வந்து இறங்கியபோது பிள்ளையின் கைகள் இரண்டும் வெள்ளியாக மின்னின. உள்ளங்கை, விரலிடுக்கு, உதட்டோரம், கவுனின் முன்பக்கம் எங்கும் சாம்பல் நிற மினுமினுப்பு. அந்த நிறத்தை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெடி மருந்தில் சேர்க்கும் அலுமினியப் பவுடர். சாக்கு மருந்துக் கூடத்துப் பக்கம் கிடந்தது. அதிலிருந்து சீட்டுக் கம்பியெல்லாம் பவுடர் இறங்கியிருந்தது. அக்கா சாக்கைச் சுருட்டிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, பால்வாடி மூடும் அவசரத்தில் சாக்குத் தூசி என்றெண்ணி முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டுப் பிள்ளையை ஏற்றியிருக்கிறாள். பிள்ளை வழியெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடுநடுவே விரல் சூப்பிக்கொண்டு வந்திருக்கிறது.

அக்கா தினமும் வேலை முடிந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, சேலையை மாற்றிய பிறகே மகளைத் தொடுகிறவள். அவள் பிள்ளையைக் குழாயடியில் நிறுத்தி வாயைக் கொப்பளிக்க வைத்தாள், விரல் விரலாகத் தேய்த்தாள். பிள்ளை அழுதது. நகத்துக்கடியில் இருந்தது போகவே இல்லை. எந்த அதிகாரி அந்த நேரம் எங்கள் வாசலுக்கு வந்திருந்தாலும், பயர் ஆபீசில் வேலை செய்துவிட்டு வந்த பிள்ளை என்றுதான் எழுதியிருப்பார்.

"சாக்கை எடுத்துக்கிட்டு நாளைக்கும் வாலே" என்றாள் அக்கா. "இனிமே அந்தச் சீட்டு மேல ஒண்ணும் போடப்போறதில்ல. வேலை போனாலும் போகட்டும்."

மறுநாள் காலையில் அந்தச் சாக்கைப் போர்மேன் காலடியில் வைத்தேன். பிள்ளையின் கையில் வந்ததைச் சொன்னேன். வரிசையில் நின்ற பெண்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. போர்மேன் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு பழையபடி நிமிர்ந்துகொண்டார்.

"தெரியாம நடந்துபோச்சு. கழுவினாப் போயிரும் தம்பி. வேற நல்ல சாக்கு தாரேன்."

"சாக்கு வேண்டாம். சீட்டு அப்படியே நிக்கட்டும்."

"அது முடியாது. நீங்க இன்னைக்குப் பேசுவீக. நாளைக்குப் பரீட்சை வரும், போட்டி வரும். கை தட்டினதும் மேடைப் பேச்சு முடிஞ்சிரும்லா?"

அக்கா அதற்குள் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிப் பூட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் போர்மேனைப் பார்த்து, வரிசையில் கடைசியாக நின்ற பெண்ணுக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"இந்தச் சீட்டு இங்கன மூடாம நிக்கணும். நீங்க நிக்க விடுற வரைக்கும் வாராவாரம் திங்கக்கெழமை சூலக்கரையில, கலெக்டர் ஆபீசுல, மனுவோட நான் நிப்பேன். பரீட்சை இருந்தாலும் நிப்பேன், கூட ஒருத்தரும் வராட்டியும் நிப்பேன். எங்க அக்காவை வேலையை விட்டு நிப்பாட்டினீகன்னா, அன்னையிலருந்து மனு ரெண்டாயிரும்."