ஏரிப் படத்தில் விழுந்த சாணித் தண்ணீர்

இதை எழுதப் பல வருஷமாகத் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், பெருமாளே என்று முதல் வரி எழுதுவேன், மூடிவிடுவேன். பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். ஆனால் தயக்கம் படிப்புக் குறைவால் வந்ததல்ல.

திருமழிசையில் எங்கள் வீட்டு மாடிக்கு மூன்று மாதம் ஒரு பிரெஞ்சுக்கார அம்மா குடிவந்தார். ஊர் ஊராகப் போய் ஏரி, வயல், வானம் என்று தண்ணீர் வர்ணத்தில் வரைவதே அவர் பிழைப்பு. புதுச்சேரியில் இருந்தபோது புத்தகத் தமிழ் கற்றிருந்தார். ஒரு வர்ணம் காயும் வரை அடுத்ததைத் தொடமாட்டார். வெள்ளை வர்ணமே கிடையாது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுவார்.

என் வீட்டுக்காரருக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிக்கரையில் அந்த அம்மாவுக்குக் குடை பிடிப்பார்.

எதிர்வீட்டுக்காரி விடுவாளா? "இன்னாக்கா, உனக்கு என்னிக்காச்சும் குடை புடிச்சிகீறாரா அண்ணாத்தே?"

சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக வாசலில் கோலம் போடுகிறேன். அதன்மேலேயே பைக்கை ஏற்றிக்கொண்டு போகிறவர், ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறார்: "அந்தம்மா கையப் பாக்கணுமே! ஏரியே ஊட்டுக்கு வந்தா மாதிரி கீது."

ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் சாணி கரைத்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா படப் பலகையை வாசல் நாற்காலியில் சாய்த்துவிட்டுத் தூரிகை எடுக்க மாடிக்குப் போனார். ஏரி முடிந்திருந்தது. வானம் மட்டும் வெறும் தாள். வாளியில் கைவிட்டு அள்ளி, அந்த வெள்ளையைப் பார்த்தே வீசினேன்.

பலகையில் தண்ணீர் அறைந்த சத்தம் கேட்டு அந்த அம்மா இறங்கி வந்தார். "இன்னாடி பண்ணே?" என்று வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"கை தவறிடுச்சி."

அந்த அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நல்ல நிறம். என்னிடம் இது இல்லை" என்றார். அங்கேயே உட்கார்ந்து, பச்சையும் மஞ்சளுமாய்த் தெறித்த புள்ளிகளுக்கு இறக்கை வைத்தார். ஏரிமேல் ஒரு கூட்டம் பறவை எழுந்தது. பிறகு தூரிகையை என்னிடம் நீட்டினார். "இது நம் இருவர் படம். கீழே கையெழுத்தாக உங்கள் புள்ளி ஒன்று வையுங்கள்."

வாளியைத் தூக்கிக்கொண்டேன். "நான் குளிக்கணும்" என்று உள்ளே போய்விட்டேன்.

படம் அவரோடு பிரான்சுக்குப் போய்விட்டது. "அந்தப் பறவைங்கதான் ஜோரு" என்று வீட்டுக்காரர் இன்றும் சொல்கிறார். பெருமாள் சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பொய்தான் முன்னால் வந்து நிற்கிறது. இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு, கை தவறியது என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். வேண்டுமென்றேதான் வீசினேன்.