சிவப்பு நாடா கட்டிய தக்கைச் சட்டை

தினமும் மாலை ஐந்து மணிக்கு என் ஜன்னலுக்கு எதிரே ஒரு காரியம் நடக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் கடைசி வீடு என் மகளுடையது. எதிரே இளைஞர்களுக்கான விளையாட்டுக் கூடம். அங்கே பெயரைச் சொன்னால் போதும். டம்பெல், கர்லாக்கட்டை, ஸ்கிப்பிங் கயிறு எதுவும் இரவலாகக் கிடைக்கும். நீந்தப் போகிறவர்களுக்குத் தக்கைச் சட்டை கொடுப்பார்கள். கான்வாஸ் துணிக்குள் தக்கைத் துண்டுகளை வைத்துத் தைத்தது. மாட்டிக்கொண்டால் ஆள் மிதப்பான். கூடத்துக்குப் பின்னாலிருக்கும் குட்டையிலிருந்து சொட்டச் சொட்ட வரும் தமிழன் ஒருவன் அதைக் கழற்றி, வாசலில் காத்திருக்கும் சீனனிடம் நீட்டுகிறான். அவன் பிழியக்கூடச் செய்யாமல் வெற்று மார்பில் மாட்டிக்கொண்டு போகிறான். இந்த மலாய் நாட்டுக்கு வந்து முப்பது வருஷமாகிறது. இன்னமும் அந்த ஈரம் ஒரு மார்பிலிருந்து இன்னொரு மார்புக்குப் போகும்போது என் உடம்பு கூசுகிறது. எழுந்து உள்ளே போகிறேன். இரண்டு நிமிஷம் நிற்க முடியாமல் மறுபடி வந்து உட்காருகிறேன்.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு நான் புதியவன் அல்ல. கடல் தாண்டினால் சாதி கப்பலிலேயே கழன்று விழுந்துவிடுகிறது, இங்கே தமிழர் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிறோம் என்று இதே பத்திரிகையில் எழுதியவன் நான்தான். மூன்று கட்டுரைகள். நீங்கள் பாராட்டிக் கடிதங்கள் எழுதினீர்கள். அவற்றை நான் எழுதிய அறையின் கதவுக்குப் பின்னால் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்பதை எழுதவில்லை. அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. மெட்ரிகுலேஷன் தேறியிருந்ததால் நில அளவைக்காரர்களைப் பழக்கும் ஒரு பள்ளியில் கிராணி வேலை கிடைத்தது. எழுத்தரை இங்கே எல்லோரும் கிராணி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளியோடு விடுதியும், விடுதியோடு ஒரு விளையாட்டு அறையும் இருந்தன. அந்த அறையின் சாவி என்னிடம். மாணவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை என் மேஜைமேல் வைக்க வேண்டும். நான் அதை ஆணியில் மாட்டிவிட்டு அவன் கேட்ட சாமானைக் கொடுப்பேன். சாமான் திரும்பினால் வில்லை திரும்பும். வில்லை இல்லாதவனுக்கு இரவுச் சாப்பாடு கிடையாது. அதனால் எந்தச் சாமானும் தொலைந்ததில்லை.

ஆற்றங்கரைகளில் அளவு எடுக்கப் போகிறவர்கள் என்பதால் ஒவ்வொருவரும் ஒரு சோதனையில் தேற வேண்டியிருந்தது. பள்ளிக்குப் பின்னால், ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திக் கடக்க வேண்டும். தக்கைச் சட்டையோடு பல வாரம் பழகி, கடைசி நாளில் அதைக் கழற்றிவிட்டு நீந்துவார்கள். மொத்தம் ஆறு சட்டைகள்.

ஆரோக்கியம் அந்த வருஷம் வந்தான். கேரி தீவு ரப்பர் தோட்டத்தில் அவனுடைய அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். கிள்ளானில் ஒரு பாதிரியார் அவனைப் படிக்க வைத்து அனுப்பியிருந்தார். தேறிவிட்டால் சர்க்கார் வேலை, இருக்க வீடு. பெற்றோரைத் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையிலிருந்து கூட்டி வந்துவிடலாம். வந்த முதல் நாளே அதை என்னிடம் சொன்னான். அவனுடைய தாத்தா எங்கள் ஊருக்கு இரண்டு மைல் தள்ளியிருந்த சேரியிலிருந்து வந்தவர் என்பதையும் அதே மூச்சில் சொன்னான். ஊர்க்காரரைக் கண்டுவிட்ட சந்தோஷம் அவனுக்கு. "அப்ப நாம ஒரே ஊரு கிராணி ஐயா!" என்றான். எனக்கு வேறொன்று தெரிந்துவிட்டது.

மறுநாள் சாம்பசிவம் என்ற மாணவன் என் மேஜைமேல் வில்லையை வைத்துவிட்டுக் குனிந்தான். "கிராணி சார், கர்லாக்கட்டைய யாரு தொட்டா என்ன, தொடச்சுக்கலாம். அவன் நனைச்ச சட்டைய என் ஒடம்புல மாட்டச் சொன்னா எப்படி?"

"நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவன் கேட்டதற்காக மட்டும் சொல்லவில்லை. சாயங்காலம் நானும் அதே சட்டைகளில் ஒன்றை மாட்டிக்கொண்டு குட்டையில் இறங்குகிறவன்.

ஆறு சட்டைகளில் மிகப் பழையதை எடுத்தேன். அலுவலகக் கோப்பு கட்டும் சிவப்பு நாடாவில் இரண்டு முழம் வெட்டி அதன் தோள்பட்டையில் முடிந்தேன். மற்ற ஐந்தும் வெயிலில் கம்பிமேல் காய்ந்தன. இது மட்டும் கதவுக்குப் பின்னால், தனி ஆணியில். ஆரோக்கியம் வில்லையை வைக்கும்போதெல்லாம் என் கை தானாகக் கதவுக்குப் பின்னால் போகும்.

"என்ன சார், மூலஸ்தானம் மாதிரி அதுக்குத் தனி இடம்?" என்று ஒரு பையன் சிரித்தான். விஷயம் தெரிந்த மற்றவர்களும் சிரித்தார்கள். ஆரோக்கியமும் சேர்ந்து சிரித்தான்.

குட்டைக்குக் காவல் பாக் மாட் என்ற மலாய்க்காரர். ஒருநாள் அந்த நாடாவைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இனி அசிமாட் கா, கிராணி?" என்று கேட்டார். இது அசிமாட்டா என்கிறார். அசிமாட் என்றால் காப்பு, மந்திரித்துக் கட்டும் கயிறு. என் மலாய் அப்போது அரைகுறை. ஆனால் அந்தக் கேள்வி நன்றாகவே புரிந்தது. 'ஆமாம்' என்பது எவ்வளவு வசதியான பதில் என்பதும் புரிந்தது. தலையை ஆட்டினேன். "பாகுஸ், பாகுஸ்", நல்லது நல்லது என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆரோக்கியம் வந்து தயங்கி நின்றான். "பாக் மாட் சொன்னாரு. தண்ணின்னா எனக்குப் பயம்னு தெரிஞ்சுதான் காப்பு கட்டிக் குடுத்தீங்களாம்லா? எங்க பாதிரி சாமியார் பாத்தா திட்டுவாரு... பரவால்ல. எங்கப்பாகூட எனக்கு இப்படிச் செஞ்சதில்ல ஐயா." அவன் கண் கலங்கியிருந்தது. நான் பேரேட்டைப் புரட்டினேன்.

சனிக்கிழமைகளில் தையற்காரர் வந்து சட்டைகளின் தையலைச் சரிபார்ப்பார். ஐந்தைத்தான் கொடுப்பேன். ஆறாவதைக் கொடுத்தால் கலந்துவிடும். கதவு இருட்டில் அது காயவே இல்லை. தூக்கினால் கனத்தது, அழுத்தினால் தையல் வழியே பழுப்பு நீர் கசிந்தது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுத முடியாது. தூக்கிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன், மறுபடி அதே ஆணியில் மாட்டினேன்.

சோதனைக்கு இரண்டு வாரம் முன்னால், நடுக்குட்டையில் அந்தச் சட்டை பிரிந்தது. தக்கைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, ஆள் வரவில்லை. பாக் மாட் மூங்கில் கழியோடு குதித்து அவனை இழுத்துப் போட்டார். அவன் வாயிலிருந்து சேறும் நீரும் வந்தன. பிழைத்துக்கொண்டான்.

தலைமை ஆசிரியராக இருந்த வெள்ளைக்கார துரை விளையாட்டு அறைக்கே வந்து நின்றார். கம்பியில் காய்ந்துகொண்டிருந்த ஐந்து சட்டைகளைக் காட்டினார். "நல்லவை ஐந்து சும்மா இருக்கும்போது இவனுக்கு ஏன் இந்த அழுகல்?"

என் வேலையையும் அதோடு கிடைத்த வீட்டையும் நினைத்தேன். "அவனே இதைத்தான் கேட்டு வாங்குவான், சார். இந்த நாடா அவனைக் காக்கும் என்று ஒரு நம்பிக்கை" என்றேன். நல்ல இங்கிலீஷில் சொன்னேன்.

துரை ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பினார். போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்ற அவன் என்னைப் பார்த்தான். காப்பு கட்டிக் கொடுத்த மனிதருக்குத் தன்னால் ஒரு கெடுதல் வரக்கூடாது என்பது மட்டும் அந்த முகத்தில் இருந்தது. "யெஸ் சார்" என்றான்.

கயிற்றை நம்பி அழுகிய சட்டையை மாட்டுகிறவன் கையில் அளவுக் கருவியைக் கொடுக்க முடியாது, பள்ளியிலிருந்து நீக்குகிறேன் என்று துரை எழுதிவிட்டார். அந்த உத்தரவை நகலெடுத்தது என் கைதான். சட்டையை எரிக்கச் சொன்னார். புறப்படும் நாளில் வில்லையை என் மேஜைமேல் வைத்துவிட்டு ஆரோக்கியம் கேட்டான்: "அந்த நாடாவ மட்டும் எடுத்துக்கவா ஐயா?" அவிழ்த்துக் கொடுத்தேன். அன்று மாலையும் நான் நீந்தப் போனேன்.

ஒரே பந்தி என்று எழுதிய கட்டுரை அடுத்த மாதம் அச்சானது.

பல வருஷம் கழித்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஆரோக்கியத்திடம் சொல்லிவிடுவதென்று கிளம்பினேன். கிள்ளான்வரை ரயில், அங்கிருந்து வண்டி, பிறகு ஆற்றைக் கடக்கச் சம்பான் என்ற சிறு படகு. கேரி தீவின் படகுத்துறையில் இறங்கினால், எதிரே அவன். தலையில் துணி, கையெல்லாம் ரப்பர் பால் கறை. "யாரு வந்திருக்காங்க பாரு! நம்ம கிராணி ஐயா!" என்று கத்தினான். படித்துறையில் பிள்ளைகள் குதித்து நீந்திக்கொண்டிருந்தார்கள். ஐந்து வயதிருக்கும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"எம் மவ ஐயா. ஆறே கதின்னு கெடக்குறா. அதான் இத கட்டி வுட்டிருக்கேன்."

அவள் இடுப்பில் அந்த நாடா. வெளுத்து, சிவப்பு எங்கோ ஓரத்தில் மட்டும் மிச்சம்.

"ஆரோக்கியம், அந்த நாடா..." என்று ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு நான் பொழச்சதே அதாலதான்னு எம் பொஞ்சாதிகிட்ட எப்பவும் சொல்லுவேன். சட்டை போச்சு, ஆளு போவலல்ல? முடிச்சு தளந்துகிட்டே இருக்கு ஐயா. நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க கையாலேயே ஒரு தடவ முடிஞ்சு வுடுங்க."

குழந்தை வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். அவள் உடம்பிலிருந்து ஆற்று நீர் என் விரல்களில் வழிந்தது. உண்மையைச் சொன்னால் அந்த நாடா அவிழும். எனக்குப் பாரம் இறங்கும். அவனுக்கு என்ன மிஞ்சும்? அப்படித்தான் யோசித்ததாக நெடுநாள் என்னையே நம்ப வைத்தேன். எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். முடிந்தேன், இரண்டு முடிச்சு. அவள் ஓடிப்போய்த் தண்ணீரில் குதித்தாள்.

திரும்பும் சம்பானில் நான் ஒருவன்தான். அந்தக் கரையில் ஆரோக்கியம் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். இந்தக் கரையில் என் வண்டி காத்திருந்தது. நடு ஆற்றில் குனிந்து பார்த்தபோதுதான் கவனித்தேன்: குழந்தையைத் தொட்ட என் வலது கை, நான் சொல்லாமலே, தண்ணீருக்குள் இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தன.