மூணாறு மூடுபனியில் மேற்கைத் தேடியது

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கிய வருஷங்களைக் கூட்டினால், அதற்குள் ஒரு பிள்ளை பிறந்து படித்துக் கல்யாணமும் முடித்திருக்கும். விஷயம் தொழுகையைப் பற்றியது. அதில் சிரிப்பும் கலந்திருக்கிறது. அல்லாஹ்வுடைய காரியத்தில் சிரிப்பை எழுதி வைத்தால் நாளைக்கு அதற்கும் பதில் சொல்ல வேண்டி வருமோ என்ற பயம் ஒரு பக்கம். அத்தா, அதாவது என் தகப்பனார், உயிரோடு இருந்தவரை, எழுதியது அவர் கையில் அகப்பட்டுவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னால் இரண்டாவது பயம்தான் பெரிது.

போன வாரம் இடப்பள்ளியில் மகன் வாங்கியிருக்கும் பிளாட்டுக்குப் போயிருந்தேன். பதினொன்றாவது மாடி. பிற்பகல் அஸர் தொழுகை நேரம். "கிப்லா எந்தப் பக்கம்மா?" என்று, மக்காவைப் பார்த்து நிற்கும் திசையை மருமகளிடம் கேட்டேன். அவள் போனை எடுத்துத் தரையில் வைத்தாள். அதில் ஒரு முள் தடுமாறிச் சுற்றி நின்றது. "இந்தப் பக்கம் மாமா" என்றாள். அவ்வளவுதான் வேலை. எனக்குக் கை கட்டுவதற்கு முன்பே சிரிப்பு வாய்வரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு அடக்கினேன். ஏன் அடக்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் அத்தா கடலோர மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சுக்குக் கிடங்கில் தரம் பார்ப்பவர். ஒரு துண்டை முகர்ந்து, ஓரத்தைக் கடித்து, எந்த ஊர்ச் சுக்கு, எத்தனை வெயில் கண்டது என்று சொல்லிவிடுவார். நானும் அப்போது அதே கிடங்கில் சாக்குத் தைக்கச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் தலையணை, தொழுகைப் பாய், பெருநாள் சட்டை எல்லாமே சுக்கு மணக்கும். எங்களுக்கு அது தெரியாது. வருகிறவர்கள் தும்மும்போதுதான் ஞாபகம் வரும்.

அத்தா ஐந்து வேளையும் தவறாதவர். பொய் பேசமாட்டார். அதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. மனசில் பட்டதை அந்த நிமிஷமே சொல்லிவிடுவார். என் தங்கச்சி மைமூனுக்கு வந்த முதல் சம்பந்தம், "உங்க பிரியாணில போட்ட மொளகு ஈரமாயிருந்தப்போ மூட்டை கட்டுனது" என்று அவர் சொன்னதில் போயிற்று. இரண்டாவது, மாப்பிள்ளையின் பெரியப்பா தாடியில் மருதாணி சரியாகப் பிடிக்கவில்லை என்று சொன்னதில் போயிற்று. மைமூன் அழவில்லை. "அடுத்தவங்க வரும்போது அத்தாவுக்கு வாய் நெறய வெத்தில குடுத்துடுங்க" என்றாள்.

மூன்றாவதாக வந்தது பாலக்காட்டுச் சம்பந்தம். மாப்பிள்ளை சலீம். அவருடைய அத்தாவுக்குத் துணிக்கடை. அம்மா எங்கள் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். அதனால் மாமா, மாமி என்றே கூப்பிடுவேன். பெண் பிடித்துவிட்டது. தேதி குறிக்க மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு.

இரண்டு நாள்! அத்தாவின் வாய்க்கு இரண்டு மணி நேரமே தாராளம். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லோருமாக மூணாறு போய்விடலாம். காட்சி பார்க்கிற இடத்தில் மனிதர்கள் வாயைத் திறந்து வைத்திருப்பார்களே தவிர அதிகம் பேசமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்த வயசில் எனக்கு அறிவு அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடியலில் படகில் எறணாகுளம் போய், அங்கிருந்து பஸ். எங்கள் யாருக்கும் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. கம்பளிக்குப் பதிலாக அத்தா கிடங்கிலிருந்து ஆளுக்கொரு சுத்தமான சாக்கு எடுத்து வந்திருந்தார். பாலக்காட்டு மாமா துணிக்கடைக்காரர் அல்லவா, சாக்கைக் கையில் வாங்கி, நெசவைத் தடவிப் பார்த்து, பிறகு போர்த்திக்கொண்டார். சாக்குப் போர்த்திய ஏழு பேர் மூணாறில் இறங்கியபோது, சரக்குக்குத்தான் ஆள் வந்திருக்கிறது என்று சுமை தூக்கும் சுமட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மலையை நாங்கள் பார்க்கவில்லை. மூடுபனி. தை மாசத்தில் இப்படி மூடுவதில்லை என்று லாட்ஜ்காரர் எங்களைக் குற்றவாளிகள் போலப் பார்த்துச் சொன்னார். காட்சி முனை என்று பலகை வைத்த இடத்தில் ஏழு பேரும் வரிசையாக நின்று வெள்ளையைப் பார்த்தோம். "மாஷா அல்லாஹ், எவ்வளவு பெரிய மலை" என்றார் மாமா, மரியாதைக்கு. "எங்க?" என்றார் அத்தா. அம்மா அவர் சாக்கைப் பிடித்து இழுத்தார்.

லாட்ஜில் ஆண்களுக்கு ஒரு அறை, பெண்களுக்குப் பக்கத்து அறை. மத்தியான லுஹர் தொழ வேண்டும். கிப்லா எந்தப் பக்கம்? நம் ஊரில் மேற்கைப் பார்த்து நின்றால் போதும். ஆனால் சூரியனே இல்லாத இடத்தில் மேற்கை எங்கே தேடுவது? அத்தா யோசிக்கவே இல்லை. வராந்தாவில் நின்று கன்னத்தைக் காற்றுக்குக் கொடுத்தார்.

"இந்தா, இதான் மேற்கு. காத்து எங்கருந்து வருதோ அங்கதான் கடலு. பின்னே எந்தா யோசன?"

மட்டாஞ்சேரியில் மத்தியானக் காற்று கடலிலிருந்துதான் வரும். அவர் பிறந்ததிலிருந்து அப்படி.

மாமா தொண்டையைச் செருமினார். "இல்ல ராவுத்தரே. தை மாசக் காத்து கெழக்கேருந்துதான் வரும். எங்க ஊருல தொட்டில்ல கெடக்கற பிள்ளைக்கும் தெரியும். காத்துக்கு முதுகக் காட்டி நின்னாத்தான் மேற்கு."

அதுவும் உண்மை. பாலக்காட்டுக் கணவாயில் தை மாசம் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்துதான் காற்று கூரையைப் பிய்க்கும். அவர் பிறந்ததிலிருந்து அப்படி.

"உங்க ஊருல காத்துகூடத் தலகீழாத்தான் வீசுமா?" என்றார் அத்தா.

"மீன் வாசம் மூக்குல ஏறுனாத்தான் உங்க ஊருக்காரங்களுக்குத் தெச தெரியும்போல" என்றார் மாமா.

லாட்ஜ்காரரைக் கேட்போமே என்றேன். "கடலப் பாத்து வளந்தவனுக்கு மேற்கு காட்ட ஆளு வேணுமாடா?" என்று அத்தா சீறினார். மாமாவும் இதில் மட்டும் அத்தா கட்சி. ஆக, வராந்தாவின் ஒரு கோடியில் அத்தாவும் பின்னால் நானும் ஒரு பக்கம் பார்த்துத் தொழுதோம். மறு கோடியில் மாமாவும் பின்னால் சலீமும் நேர் எதிர்ப்பக்கம் பார்த்துத் தொழுதார்கள். அஸரும் அப்படியே. அந்திக்கு மஃரிபும் அப்படியே. சாப்பிடும்போது இருவரும் அரிசி ரொட்டியான பத்திரியைப் பிய்த்த விதமே சரியில்லை.

இரவு இஷா தொழுகைக்குப் பிறகு மாமா மாமியிடம் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. "கிப்லாவையே ஒத்துக்க முடியாத வீட்டுல நாள எதைப் பேசி முடிக்கறது? காலையில முதல் பஸ்ஸுல போவம். தேதியெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்."

பின்னாடி பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். மைமூனுக்கும் கேட்டிருக்கும். இருபத்துநான்கு வயசு. மூன்றாவதும் போனால் பஜாரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். மூணாறு வந்த யோசனை என்னுடையது என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

விடியல் தொழுகையான சுபுஹுக்கு எழுந்தபோது வராந்தாவில் நிற்க முடியாத குளிர். அறைக்குள்ளேதான் தொழ வேண்டும். இரண்டு பக்கச் சுவரோரமும் கட்டில்கள். நடுவில் ஜன்னலிலிருந்து கதவு வரை ஒரு ஒடுக்கமான சந்து. உடைந்த ஜன்னல் வழியே காற்று வந்தது. அத்தா ஜன்னலைப் பார்த்து நின்றார். மாமா ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றார். அதாவது ஒருவரையொருவர் பார்த்து. அவரவர் பின்னால் அவரவர் பிள்ளை. யாரும் ஓரடி பின்வாங்கவில்லை. இரண்டு பக்கமும் தக்பீர் சொல்லிக் கை கட்டித் தொழுகை தொடங்கியாயிற்று.

இடுப்பை வளைத்துக் குனியும் ருகூஃ எப்படியோ தலை உரசாமல் முடிந்தது. நெற்றி தரையில் படும் ஸஜ்தாவுக்கு இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். 'டொக்' என்றது. தேங்காய் தேங்காயோடு மோதிய சத்தம். அத்தாவின் தொப்பி மாமாவின் பாயில் உருண்டது. இருவருடைய பக்தியையும் சொல்ல வேண்டும்; தொழுகையை விடவில்லை. எழுந்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது ஸஜ்தா. அத்தா, அவர் போகட்டும் என்று காத்தார். மாமா, இவர் போகட்டும் என்று காத்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரண்டு தாடிகள் எதிரும் புதிருமாக அசையாமல் இருந்தன. பிறகு, சரி நாம் போவோம் என்று இருவருக்கும் ஒரே நொடியில் தோன்றியது.

'டொக்.'

முதலில் வெடித்தது சலீம். அடுத்தது நான். மூன்றாவதாக ஒரு கனைப்பு, நான்காவதாக ஒரு இருமல், அப்புறம் இரண்டு பெரியவர்களும் விலாவைப் பிடித்துக்கொண்டு பாயில் சாய்ந்துவிட்டார்கள். அத்தா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அல்லாஹ் எங்களை மன்னிக்கட்டும்.

எங்கள் ஹனஃபி மத்ஹபின் சட்டப்படி, தொழுகையில் சத்தமாகச் சிரித்தால் தொழுகை மட்டுமல்ல, ஒளுவும் முறிந்துவிடும். மறுபடி கை, முகம், கால் கழுவித்தான் தொழ வேண்டும். அந்தக் குளிரில்! குழாயில் வந்த தண்ணீர் எலும்பில் ஊசி குத்தியது. லாட்ஜில் வெந்நீர் கொண்டுவரும் அக்கா பெண்களுக்கு வைத்துவிட்டுப் போன வாளியில் அரை வாளி மிச்சம் இருந்தது. அத்தா அதைத் தூக்கி வந்து மாமா முன்னால் வைத்தார்.

"நீங்க எடுங்க சம்பந்தி."

அந்த வார்த்தையை அவர் அதுவரை சொல்லவில்லை. மாமா நெற்றியைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"வயசுக்கு மூத்தவங்க நீங்க. நீங்கதான் எடுக்கணும் சம்பந்தி."

"விருந்தாளிக்கல்லவா முதல்ல?"

"அடிபட்டது உங்களுக்குத்தானே கூட?"

இதிலும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் பச்சைத் தண்ணீரிலேயே பல் கிடுகிடுக்க ஒளு செய்தார்கள். வெந்நீர் யாருக்கும் உதவாமல் ஆறிப்போயிற்று.

சூரியன் உதிக்குமுன் தொழ வேண்டும். எந்தப் பக்கம் என்று இருவரும் காற்றைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போது கதவருகே முக்காட்டுடன் மாமி வந்து நின்றார்.

"கட்டில நகத்திட்டு அந்தச் சொவரப் பாத்து நில்லுங்க. அதான் மேற்கு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வெந்நி கொண்டாற பொண்ணு கிட்ட நேத்து மத்தியானமே கேட்டோம், பொழுது எங்க சாயும்னு. நாங்க மூணு பேரும் அப்பத்திலேருந்து அப்பிடித்தான் தொழுவுறோம்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

நான்கு ஆண்களும் கட்டிலைத் தூக்கினோம். மேற்கிலிருந்து இருவரும் கால்வாசி வட்டம் விலகியிருந்தார்கள், ஆளுக்கொரு பக்கம். மாமா முன்னால் நின்று தொழ வைத்தார். அத்தா, நான், சலீம் மூவரும் ஒரே வரிசையில் பின்னால். முதல் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் அடிமாலி வருவதற்குள் தேதி குறித்தாயிற்று.

கேட்கச் சொன்னது மைமூன் என்று பிறகுதான் தெரிந்தது. சொல்லக்கூடாது என்று இரண்டு அம்மாக்களையும் தடுத்ததும் அவள்தான். "பெரியவங்க ரெண்டு பேரும் தப்புன்னு கட்டிக்கப் போற பொண்ணு சொல்லிட்டு, அப்புறம் எந்த வீட்டுல போய் இருக்கறது? அவங்களா அலுத்துப்போய்க் கேக்கட்டும்னு இருந்தேன். முட்டிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

தெரியாத இடத்தில் மனசறிந்து தேடி ஒரு பக்கம் திரும்பினால் தொழுகை கூடும், ஏற்கப்படும் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் பின்னாளில் சொன்னார். அப்படியானால் எதிரெதிரே நின்ற இரண்டு பேருடையதும் கூடியிருக்கிறது. எனக்கு இன்றுவரை நினைக்க நினைக்க ஆச்சரியம்.

அந்த லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டிடம். சுக்குக் கிடங்கில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய பெட்டிகள் விற்கிறார்கள். உள்ளே போனால் தும்மல் வருவதில்லை. காற்றை வைத்துச் சண்டை போட இன்று யாரும் இல்லை. அடக்கும்போது மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, வலப்பக்கமாகச் சாய்த்து, முகத்தைக் கிப்லாவுக்குத் திருப்பி வைப்பது எங்கள் வழக்கம். மட்டாஞ்சேரியில் அத்தாவின் முகத்தை நான் திருப்பி வைத்தேன். பாலக்காட்டில் மாமாவின் முகத்தைச் சலீம் மச்சான் திருப்பி வைத்தார். இப்போது இரண்டு பேரும் ஒரே பக்கம்தான் பார்த்துக் கிடக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாலக்காட்டில் இதைச் சொல்கிறவர்கள் எங்கள் அத்தா கையை ஓங்கினார் என்கிறார்கள். மட்டாஞ்சேரியில் மாமா கோபித்துக்கொண்டு பாதி வழி நடந்தே போனார் என்கிறார்கள். இரண்டும் இல்லை. நீங்கள் யாருக்காவது சொல்வதானால், நான் எழுதியது எழுதியபடி சொல்லுங்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. இரண்டு முறைதான் முட்டிக்கொண்டார்கள். நான்கு பேரும் சிரித்தோம்.