பன்னிரண்டு தொடையும் ஒரு குப்பைப் பையும்

எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் திறமை இல்லை, வழுக்கை. பார்பெக்யூ போட்டியில் நடுவர்களிடம் போகிற பெட்டிக்குள் ஒரு மயிர் கிடந்தாலும் கதை முடிந்தது. எங்கள் சூப்பர்வைசர் ஒருநாள் தேநீர் இடைவேளையில் எல்லாருடைய தலையையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தா. என் தலைக்கு வந்ததும் கண் நின்றுவிட்டது.

"பெட்டி உன்னுடைய பொறுப்பு," என்று சொன்னா.

அவ பேசியது ஆங்கிலத்தில்தான். ஆனால் பயந்துபோய்க் கேட்டதெல்லாம் எனக்குத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

மங்கரே என்கிற புறநகரில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கொட்டகை. நான் அங்கே பெட்டி கட்டுகிறவன். அவ எங்களுக்கு மேலே. ஆறடி உயரம். அவ சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை, அதுதான் பயம். ஒருமுறை நான் ஒரு அடுக்குச் சரக்கைக் கவிழ்த்துவிட்டேன். அவ வந்தா, ஒரு கதிரையை இழுத்துப் போட்டா, உட்கார்ந்து பத்து நிமிடம் அந்தக் குவியலையே பார்த்தா. பிறகு எழும்பிப் போய்விட்டா. அந்தப் பத்து நிமிடத்தில் நான் மனதுக்குள் மூன்று தரம் வேலையை விட்டேன்.

போட்டிக்கு எங்கள் குழுவில் மூன்று பேர். அவ, நான், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தொங்கா நாட்டு நண்பர். பன்றி விலாவில் அவ கெட்டிக்காரி. கோழியில் மட்டும் தொடர்ந்து மூன்று வருடம் கடைசி. இந்த வருடம் கடைசியாக வரக்கூடாது. அதற்கு மேல் அவ ஒன்றும் கேட்கவில்லை. குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் தன் வீட்டுப் பின்வளவில் கோழி சுட்டுப் பழகினா. என்னையும் கூப்பிட்டா. கோயில் என்று சொல்லித் தப்பினேன். உண்மையில் அந்த நேரங்களில் ஏவன்டேல் சந்தையில் கத்தரிக்காயை அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோயிலுக்கே போயிருந்தால் கடவுளாவது என்னை எச்சரித்திருப்பார்.

போட்டி நாள் காலை, நகருக்குத் தெற்கே ஒரு விளையாட்டுத் திடலில் கூடாரம் அடித்தோம். பன்னிரண்டு மணிக்குக் கோழிப் பெட்டியை ஒப்படைக்க வேண்டும். பெட்டி என்றால் சாப்பாட்டுக் கடையில் கட்டித் தருகிற அதே வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டி. அதற்குள் பார்ஸ்லி இலையால் ஒரு மெத்தை. மெத்தைமேல் ஆறு துண்டு, ஆறும் ஒரே அளவு, ஒரே நிறம், நடுவர் ஒருவருக்கு ஒன்று. பெட்டியில் பெயர் கிடையாது, இலக்கம்தான். முதலில் அவர்கள் பார்த்து மட்டும் ஒரு புள்ளி போடுவார்கள். பிறகுதான் வாய்க்குப் போகும்.

எட்டு மணிக்கு அவ என் முன்னால் பன்னிரண்டு கோழித்தொடைகளை வைத்தா. பன்னிரண்டைச் சுட்டு, நல்ல ஆறைப் பொறுக்குவதுதான் திட்டம்.

"தோலை எடு. கொழுப்பைச் சுரண்டு. கவனமாகச் செய்," என்று சொல்லிவிட்டு விலாவைக் கவனிக்கப் போனா.

இதில் கவனமாகச் செய்ய என்ன இருக்கிறது? நாங்கள் குடியிருக்கிற மவுண்ட் ரோஸ்கில் இறைச்சிக்கடையில் எங்கள் ஆட்களைக் கண்டால், கேட்காமலே தோலை உரித்துவிட்டுத்தான் நிறுப்பார்கள். தோலோடு கோழிக்கறி என்று ஒன்று எங்கள் வீட்டில் இதுவரை நடந்ததில்லை. பன்னிரண்டு தோலையும் சட்டை கழற்றுகிற மாதிரி கழற்றினேன். குப்பைப் பைக்குள் போட்டேன். இறைச்சியில் ஒட்டியிருந்த கொழுப்பைச் சுரண்டினேன். துண்டுகளை வரிசையாக அடுக்கி, கையைக் கழுவி, ஒரு கோப்பியும் குடித்தேன். வடித்த கோப்பித்தூளையும் அதே பைக்குள் கொட்டினேன்.

ஒன்பது மணிக்கு அவ எட்டிப் பார்த்தா.

"தோலெல்லாம் ஐஸிலா?"

என் வாய் என்னைக் கேட்காமலே "ஓம்" என்று சொன்னது.

"நல்லது. காகிதம் மாதிரி மெல்லிசாகச் சுரண்டியிருப்பாய். இனித் திருப்பி இறைச்சியில் சுற்று. அதுதானே முழு விசயமும். மூன்று வருடமாக அந்த ரப்பர் தோலால்தான் நாங்கள் கடைசி."

தோல். இறைச்சியையல்ல, தோலின் உட்பக்கத்தைத்தான் சுரண்டச் சொல்லியிருக்கிறா. கொழுப்புப் போனால் தோல் மொறுமொறுப்பாக வரும், கண்ணாடி மாதிரி மினுங்கும். அதற்காகத்தான் அத்தனை ஞாயிறும். எறியாதே என்று அவ சொல்லவில்லைதான். கையைக் கழுவு என்று சொல்கிறவர், கழுவின பிறகு கையை எறிந்துவிடாதே என்றும் சேர்த்தா சொல்வார்?

அவ அந்தப் பக்கம் திரும்பியதும் கூடாரத்துக்குப் பின்னால் போய் மனைவிக்கு ஃபோன் எடுத்தேன். அவள் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். சுத்தம் பற்றிக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள்.

"என்னப்பா, இந்த நேரத்தில?"

"ஒரு சின்ன விசயம். கோழித்தோல் குப்பைக்குள்ள விழுந்தால் கழுவிப்போட்டு எடுக்கலாமோ?"

"விழுந்ததோ, போட்டதோ?"

கூட வாழ்ந்து வருடம் போனால் கேள்வியும் இப்படிக் கூராகத்தான் வரும்.

"போட்டதுதான்."

"ஆர்?"

"நான்தான்."

"அந்தப் பைக்குள்ள வேற என்ன கிடக்கு?"

"கோப்பித்தூள். கிச்சின் பேப்பர். ஒரு டிஷ்யூ."

"என்ன டிஷ்யூ?"

"ஃபோர்க்லிஃப்ட் ஓடுற மனுசனுக்கு இண்டைக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது."

"ஆர் சாப்பிடப் போறது?"

"நடுவர்மார். ஆறு பேர்."

"வயசான ஆக்களோ?"

"நீர் ஏன் இப்ப அதைக் கேக்கிறீர்?"

"எங்கட இடத்தில நிலத்தில விழுந்த பாண் துண்டையே திருப்பி மேசையில வைக்க விடமாட்டினம். போய் அந்த மனுசிக்குச் சொல்லுங்கோ."

"அவ பாக்கிற பார்வை உமக்குத் தெரியாது."

"எனக்கும் பாக்கத் தெரியும். வீட்ட வாங்கோ," என்று வைத்துவிட்டாள்.

இரண்டு பெண்களுக்கு நடுவில் நின்று கணக்குப் பார்த்தேன். ஒருத்தி ஆறு அடி தூரத்தில், மற்றவள் அரை மணி தூரத்தில். கிட்ட இருக்கிற பயம்தான் வென்றது. பையைத் திறந்தேன். டிஷ்யூவோடு ஒட்டிக் கிடந்த நாலை விட்டுவிட்டு எட்டுத் தோலைப் பொறுக்கினேன். நாலுதான் ஒட்டியிருந்தது என்று இன்றைக்கும் நம்ப விரும்புகிறேன்.

திடலின் ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். அங்கே குந்தியிருந்து ஒவ்வொரு தோலாகக் கழுவினேன். கோப்பித்தூள் லேசில் போகிற சாமான் இல்லை. நாலாவது தோலில் நிற்கும்போது மேலே ஒரு நிழல் விழுந்தது. வைக்கோல் தொப்பி போட்ட வயதான அம்மா ஒருவர், கையில் தண்ணீர்ப் போத்தல், கழுத்தில் நடுவர் அட்டை.

"கோழியா? எனக்கு அதுதான் விருப்பம்," என்று சொல்லிவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஐயோ, நான் பார்க்கக்கூடாது. நீ யாருடைய குழு என்றும் சொல்லிவிடாதே."

நான் சொல்லவில்லை. ஈரத் தோலைக் கைக்குட்டைபோலப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதுவரை "நடுவர்மார்" என்று பொதுவாக இருந்த வயிற்றுக்கு இப்போது ஒரு தொப்பியும் ஒரு முகமும் வந்துவிட்டன.

ஆனாலும் செய்தேன். மறைக்க என்ன இருக்கிறது, செய்தேன். நெருப்பில் எல்லாம் செத்துப்போகும் என்று எனக்கு நானே விஞ்ஞானம் படிப்பித்தேன். தோலின் உட்பக்கத்தைக் கத்தியால் வழித்து வழித்து, வெளிச்சத்துக்குப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக்கினேன். எட்டுத் தொடையில் சுற்றி, ஓரங்களை அடியில் மடித்துவிட்டேன். ஒன்றுகூடக் கிழியவில்லை. வாழ்நாளில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

அவ வந்து எண்ணினா. "எட்டு?"

"நாலு கிழிந்துவிட்டது."

அன்றைக்கு இரண்டாவது பொய். அவ குனிந்து ஒரு துண்டை விரல் படாமல் சுற்றிப் பார்த்தா.

"அருமையாகச் செய்திருக்கிறாய்."

ஏழு வருட வேலையில் அவ என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பது?

கோழி புகையடுப்புக்குள் போனது. ஒன்றரை மணித்தியாலம். நான் நடுவர் கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வைக்கோல் தொப்பி அங்கும் இங்கும் நடமாடியது. ஒருமுறை கழிப்பறைப் பக்கம் போனது. இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்தும் அது திரும்பி வரும்வரை எண்ணிக்கொண்டு நின்றேன். அம்புலன்ஸ் எந்த வாசலால் உள்ளே வரலாம் என்றுகூடப் பார்த்து வைத்தேன். சாம்பல் தட்ட வந்த நண்பர் என் முகத்தைப் பார்த்து, "உனக்கும் தடிமன் பிடித்துவிட்டதா?" என்று கேட்டார். டிஷ்யூ வேண்டுமா என்றும் கேட்டார்.

பதினொன்று நாற்பதுக்குத் துண்டுகள் வெளியே வந்தன. அவ சோஸ் பூசி ஒரு நிமிடம் சூட்டில் பிடித்தா. நான் கையுறை போட்டு, சின்ன இடுக்கியால் ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்ஸ்லி மெத்தையில் வைத்தேன். மூன்று மூன்றாக இரண்டு வரிசை. வெள்ளைப் பெட்டி, பச்சை இலை, அதன்மேல் அரக்கு மினுக்கிய மாதிரி ஆறு தொடை. தோலில் என் தலையின் நிழல்கூடத் தெரிந்தது. பெட்டியின் விளிம்பில் தெறித்திருந்த ஒரு துளி சோஸைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தேன்.

அவ பார்த்துக்கொண்டு நின்றா. கண் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம்.

"மூடு," என்று சொன்னா.

எனக்கு மூட வரவில்லை.

"இந்தத் தோல் குப்பையிலிருந்து எடுத்தது," என்றேன். "நான்தான் எறிந்தேன். எங்கள் வீட்டில் எறிகிறதுதான் வழக்கம். பிறகு பொறுக்கிக் கழுவினேன். அதே பையில் மூக்குச் சிந்தின டிஷ்யூ இருந்தது."

அவ என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தா.

"வேறு யாருக்குத் தெரியும்?"

"என் மனைவிக்கு."

"இங்கே?"

"ஒருவருக்கும் தெரியாது."

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. அதுவரை அவ ஏசிவிடுவா என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது: "பரவாயில்லை, கொண்டு போ" என்று சொல்லிவிட்டால்? சொன்னால் நான் கொண்டு போயிருப்பேன். அவ சொன்னதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

அவ இடுக்கியை என் கையிலிருந்து வாங்கினா. முதல் துண்டின் தோலை ஓரத்தில் பிடித்து மெல்லத் தூக்கினா. அது முழுசாக, ஒரு மூடி மாதிரிக் கழன்று வந்தது. கீழே இறைச்சி வெளிறிப்போய் வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தது. ஆறையும் கழற்றினா.

"இதுவும் போகக்கூடாது. அந்தத் தோல் தொட்டிருக்கிறது."

தோல் இல்லாமல் தனியாகச் சுட்ட நாலு தொடை அடுப்பின் மூலையில் எங்கள் சாப்பாட்டுக்கென்று கிடந்தன. பெட்டிக்கு ஆறு வேண்டும். அவ பெரிதாக இருந்த இரண்டைக் கத்தியால் சரிபாதியாக வெட்டினா. வேறு பெட்டி எடுத்து, புது இலை பரப்பி, நான் நாலையும் ஆறாக அடுக்கினேன். இரண்டு பெரிசு, நாலு சின்னன், ஒன்றுக்கும் மேலே சட்டை இல்லை. சோஸ் பிடிக்காமல் வழிந்து பார்ஸ்லியில் தேங்கியது. நோயாளிகள் படுத்திருக்கிற வாட் மாதிரி இருந்தது.

திடலைக் கடந்து நான்தான் கொண்டு போனேன். ஓடினால் துண்டு சரியும், நடந்தால் நேரம் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை கண்டுபிடித்தேன்; பார்த்தவர்கள் வயிற்றுக்கோளாறு என்று நினைத்திருப்பார்கள். மேசைக்காரர் இலக்கத்தை ஒட்டியபோது அரை நிமிடம் மிச்சம் இருந்தது.

நாலு மணிக்கு முடிவு சொன்னார்கள். கோழியில் கடைசி. நடுவர்களின் தாள்களோடு ஒருவர் கையால் எழுதின குறிப்பும் வந்தது: "மென்மை நன்று. ஆனால் இது ஏன் இப்படி இருக்கிறது?"

வீடு திரும்பும்போது நான் அவவின் வண்டியில் முன்னால் இருந்தேன். அவ வானொலி போடவில்லை. நெடுஞ்சாலை முழுக்க நான் என் முழங்காலையே பார்த்தேன். மவுண்ட் ரோஸ்கிலில் என் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினா. எஞ்சினை அணைக்கவில்லை.

"சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது."

"ஓம்."

"நாலு வருடத்தில் அப்படி ஒரு பெட்டி நாங்கள் செய்யவில்லை." செத்துப்போன ஆளைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு மெதுவாகச் சொன்னா. "என்ன வடிவாக இருந்தது."

இறங்கலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. கதவுப்பிடியில் கையை வைத்தபடி இருந்தேன். வீட்டு யன்னலில் திரைச்சீலை அசைந்தது. அங்கேயும் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கு," என்று சொன்னா. "திங்கள் ஆறு மணி ஷிஃப்ட். பிந்தாதே."

இறங்கினேன்.