சூடு வைத்த முழங்கால்

எங்கள் நாயின் பின்னங்கால் முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று உறைத்தது: வீக்கம் சில்லென்று இருக்கிறதே! சுளுக்கு என்றால் சுட வேண்டாமா, சில நாளில் வற்ற வேண்டாமா? இதுவோ தீபாவளிக்கு முன்பிருந்தே மெல்லப் பருத்து எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. அழுத்தினாலும் நாய் கத்தவில்லை. ஆக, மூட்டில் ஏதோ வளர்கிறது! மறுநாள் பள்ளி விட்டதும் மாட்டு டாக்டரிடம் கொண்டுபோய்விடுவது என்று தீர்மானித்தேன்.

சித்தப்பா முந்திக்கொண்டார். நாங்கள் குடியிருந்த காஜா பேராங் பகுதியில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் கறவை மாடு வைத்திருந்தவர் அவர். எந்த மாடு நொண்டினாலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூட்டில் சூடு வைப்பார். ரப்பர் எஸ்டேட்டில் இருந்த காலத்தில் கற்றுக்கொண்டுவந்த வைத்தியம். மறுநாள் பள்ளி விட்டு நான் திரும்பியபோது வாசலிலேயே மயிர் கருகிய நாற்றம் குமட்டியது. முழங்காலில் குறுக்கும் நெடுக்குமாகச் சூட்டுக் கோடுகள், மேலே எண்ணெயில் குழைத்த சாம்பல், அதில் அப்பிக் கிடந்த ஈக்கள்.

"என்ன சித்தப்பா இது, அசிங்கம்!"

"கெட்ட நீர் எறங்கியிருக்குடா. சூடு பட்டா வத்திரும்."

"நீர் இல்ல, கட்டி."

"வெள்ளக்காரன அனுப்பி மெர்டேக்கா வாங்குனாலும் வாங்குனோம், நாய்க்கும் டாக்டர் கேக்குது! நீ படிக்கிறது ஆபீசுல கணக்கெழுதுற கிராணி வேலைக்கா, மாட்டு டாக்டர் வேலைக்கா?"

இரண்டு நாளில் சீழ் வைத்தது. நாய் அதை நக்கி நக்கி விழுங்கியது. நாயின் வாயைப் பொத்திக்கொண்டு மாட்டு டாக்டரிடம் தூக்கிப் போனேன்.

டாக்டர் புண்படாத பக்கமாக ஊசி குத்தி உறிஞ்சினார். கோழை போல ஏதோ இழுபட்டது. மூட்டு உறையில் வளரும் சாதுவான கட்டியாகத்தான் தெரிகிறது, உடம்பெங்கும் பரவிக் கொல்லும் வகையல்ல, ஆனால் வளர வளரக் காலை மடக்க விடாது என்றார். வெட்டி எடுக்கலாம். ஆனால் இந்தச் சீழோடு கத்தி வைத்தால் அது மூட்டுக்குள் இறங்கி, காலையே எடுக்க வேண்டிவரும். முதலில் சூட்டுப்புண் ஆறட்டும்.

வீட்டில் சித்தப்பா வீக்கத்தைத் தடவிப் பார்த்தார். "சூடு பத்தல. வெள்ளிக்கிழமை இன்னொன்னு வச்சிருவோம்."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சிரித்தபடி அந்தக் கம்பியாலேயே பால் காய்ச்சும் அடுப்பைக் கிளறினார். நுனியில் மயிர் பொசுங்கி ஒட்டியிருந்தது. நான் என் பால் டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

இனிப் பேசிப் பயனில்லை. சைக்கிள் தூரத்தில், உஜோங் பாசிரில் இருந்த என் வகுப்புக் கூட்டாளியின் வீட்டில் இடம் கேட்டு வைத்தேன். வியாழக்கிழமை காலை, சித்தப்பா பால் ஊற்றக் கிளம்பியதும், சைக்கிளில் பழப்பெட்டியைக் கட்டி நாயை அங்கே கடத்திவிட வேண்டும். புண் ஆறும்வரை உப்புத் தண்ணீர்க் கழுவல். அப்புறம் டாக்டரின் கத்தி.